வலியும் எதிர்நோக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், என்னுடன் ஒரே துறையில் நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர் கணையப் புற்றுநோயால் படுக்கையில் விழுந்தார். அவர் கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குச் செல்பவர். அவரைப் பார்க்க வந்தவர்கள் அனைவரும் நல்லவர்கள். சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒன்றையே கூறினர்: 'பொறுமையாக இருங்கள் ஐயா, தாங்கும் பலத்தை ஆண்டவர் தருவார்'. அவர்கள் சென்றபின், சுவரைப் பார்த்தபடி அவர் என்னிடம் கேட்டார்: 'பொறுமை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது, சார்?'

நான் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். அன்று என்னிடம் பதில் இல்லை. வாழ்நாள் முழுவதும் பொருளியல் கற்பித்தவனுக்கு இறையியலில் என்ன வேலை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பணி ஓய்வுக்குப் பின் கிடைத்த நேரத்தில் அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவம் முதன்மையாகப் போற்றும் மூன்று பண்புகளில் ஒன்றைப் பழைய தமிழ் வேதாகமம் 'நம்பிக்கை' என்கிறது. அதில் இறைப்பற்றைக் குறிக்கும் சொல் 'விசுவாசம்'. பின்னர் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ இறைப்பற்றுக்கு 'நம்பிக்கை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, முன்பு நம்பிக்கை என்றிருந்ததை 'எதிர்நோக்கு' என்று மாற்றியது. ஒரே ஊரில் இரு ஆலயங்களில் 'நம்பிக்கை' என்ற சொல் இரு வேறு பொருளில் ஒலிப்பதற்கு இதுவே காரணம். என் கருத்தில் எதிர்நோக்கு என்பது பொருத்தமான சொல்லாக்கம். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற மனநிலை அதில் இல்லை. இன்னும் வராத ஒன்றை நோக்கி முகத்தைத் திருப்பி வைத்திருப்பதே அதன் பொருள்.

பொறுமையின் கதையும் இத்தகையதே. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. பிறர் செய்யும் தவறுகளை நெடுநாள் சகித்துக்கொள்வது ஒன்று. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'நீடிய பொறுமை' என்றது. மற்றொன்று 'ஹுபொமொனே'. 'அடியில் நிலைத்திருத்தல்' என்று அதைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். அதாவது, சுமையின் கீழிருந்து ஓடிப்போகாமல் நிற்பது. துன்பத்தைப் பற்றிப் பேசும்போது பவுல் பயன்படுத்துவது இந்த இரண்டாவது சொல்லைத்தான். பழைய மொழிபெயர்ப்பு அதையும் பொறுமை என்றே கொண்டது. திருவிவிலியம் 'மனவுறுதி' என்கிறது. பொறுமை என்றதும் நம் மனத்தில் எழுவது வாய்மூடிக் கிடக்கும் ஓர் உருவம். மனவுறுதி என்றால் எழும் உருவம் வேறு.

யோபுவின் பொறுமை என்பது பழமொழியாகவே ஆகிவிட்டது. ஆனால், யோபுவின் நூலைத் திறந்து படிப்பவருக்கு வியப்பு காத்திருக்கிறது. மொத்தமுள்ள 42 அதிகாரங்களில் முதல் இரண்டில் மட்டுமே அவர் வாய்திறந்து முறையிடாமல் இருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் நூலின் பெரும்பகுதியில் அவர் கடவுளோடு வழக்காடுகிறார். அவரைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடனிருந்தார்கள். அதுவரை நன்றாகவே இருந்தது. பிறகு, உன் துன்பத்துக்கு உன்னிடமே காரணம் இருக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது முறையிட்ட யோபுவை அன்று; விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான். அப்படிப்பட்ட யோபுவை எடுத்துக்காட்டும் யாக்கோபின் நிருபம், அவரிடம் இருந்ததாகக் கூறுவதும் அதே ஹுபொமொனேதான். முறையீடும் மனவுறுதியும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மரணத்தைப் பற்றியும் கிறிஸ்தவ மூலநூல்கள் கூறுவது பொதுவாகக் கருதப்படுவதற்கு மாறாகவே உள்ளது. மரணம் இயற்கையானது, அதனால் அமைதியாக ஏற்றுக்கொள் என்று கிரேக்கத் தத்துவ ஞானிகள் போதித்தனர். நஞ்சுக் கோப்பையைக் கலங்காமல் அருந்தியவர் சாக்ரடீஸ். அவரோடு ஒப்பிட்டால், கைதாகும் இரவில் கெத்சமனே தோட்டத்தில் கலங்கி, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடாதா என்று மன்றாடிய இயேசு வலிமை குறைந்தவராகவே தோன்றுவார். நண்பன் லாசருவின் கல்லறை முன்பும் அவர் அழுதார். பவுல் மரணத்தை அழிக்கப்பட வேண்டிய கடைசிப் பகைவன் என்கிறார். தெசலோனிக்கருக்கு எழுதும்போது அவர் துக்கத்தைத் தடைசெய்யவில்லை; எதிர்நோக்கு இல்லாதவர்களின் துக்கமாக அது ஆகிவிட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறார். பகைவனை நண்பன் என்று சொல்லிக்கொண்டு ஆறுதல் தேடாமல், பகைவன் என்று அறிந்தே எதிர்கொண்டு, இறுதி வெற்றி அவனுடையதன்று என்று கருதும் நிலைப்பாடு இது. இதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், வலியைப் புனிதமாக்குவதற்கு இதில் இடமில்லை என்பது தெளிவு.

நூலில் இடமில்லை என்றால் நடைமுறையில் எப்படி நுழைந்தது? துன்பத்தை இறைவனின் பரிசாகக் காணும் பக்தி மரபு ஒன்று திருச்சபைகளுக்குள் வளர்ந்தது உண்மை. தாமே விரும்பித் துன்பத்தை ஏற்ற துறவியரின் வழக்கம், கேட்காமலே துன்பம் வந்து சேர்ந்த நோயாளிகள் மீதும் சுமத்தப்பட்டது. சிலுவையில் அறையப்படுமுன் தரப்பட்ட, வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசு ஏற்கவில்லை என்ற நிகழ்வும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. வலியைத் தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும், வலி தணிப்பே நோக்கமாயின் அதைத் தரலாம் என்று 1957-இல் மயக்கவியல் மருத்துவர்களிடையே போப் பன்னிரண்டாம் பயஸ் விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது. அந்த ஐயம் அதுவரை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

அதே 1957-இல்தான் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி, தம் 39-ஆவது வயதில் மருத்துவப் படிப்பை முடித்தார். என் நண்பரின் கேள்விக்கு நான் அறிந்தவரையில் மிகச் சரியான பதில் அவருடைய வாழ்க்கைதான்.

1918-இல் பிறந்த சாண்டர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் படித்தது அரசியல், தத்துவம், பொருளியல். (இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட சிறு மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.) போர் மூண்டதும் படிப்பை நிறுத்திவிட்டுச் செவிலியர் பயிற்சிக்குச் சென்றார். முதுகுவலியால் அந்தப் பணியைத் தொடர இயலாமற்போகவே, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் பட்டம் பெற்று மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். சமயப் பற்று இல்லாமல் வளர்ந்த அவர் 1945-இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தார்.

அவர் பணியாற்றிய மருத்துவமனைக்கு டேவிட் டாஸ்மா என்ற நோயாளி வந்தார். போலந்து நாட்டு யூதர், உணவக ஊழியர், வயது நாற்பது. அறுவை சிகிச்சையால் தீர்க்க முடியாத புற்றுநோய். லண்டனில் அவருக்கு உற்றார் எவருமில்லை. இந்த உலகில் தாம் வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் மிஞ்சவில்லையே என்பதே அவரை வாட்டிய துயரம். அவரைப் போன்றோர் மரிப்பதற்கு எத்தகைய இடம் வேண்டும் என்று இருவரும் பல நாள்கள் பேசினர். 1948 பிப்ரவரியில் டாஸ்மா மரணமடைந்தபோது, சாண்டர்ஸுக்கு 500 பவுண்டை விட்டுச் சென்றிருந்தார். அப்படியோர் இல்லம் எழுமானால் அதில் தாம் ஒரு சன்னலாக இருக்க விரும்புவதாகவும் கூறியிருந்தார்.

அந்த இல்லம் திறக்கப்பட்டது 1967-இல். இடையில் 19 ஆண்டுகள். பொறுமை என்ற சொல்லின் பொருளை நான் இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில்தான் காண்கிறேன். இறக்கும் நிலையில் உள்ளவர்களுக்குச் சேவை செய்ய விரும்பிய சாண்டர்ஸிடம், அவர்களைக் கைவிடுபவர்கள் மருத்துவர்களே, ஆகவே மருத்துவம் படி என்று அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் அறிவுறுத்தினார். அதை ஏற்று 33-ஆவது வயதில் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவியானார். பட்டம் பெற்றபின், கிழக்கு லண்டனில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் ஏழாண்டுகள் பணியாற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வலியையும் மருந்தையும் குறித்து முறையான பதிவேடுகளைத் தொகுத்தார். கூடவே புதிய இல்லத்துக்கு நிதி திரட்டினார், இடம் தேடினார், ஐயமுற்ற மருத்துவர்களுக்குக் கட்டுரைகள் எழுதினார். நாள்தோறும் வேண்டுதலும் செய்தார். வேண்டுதல் செய்ததால் பதிவேட்டை விட்டுவிடவில்லை என்பதையே நான் இங்கு வலியுறுத்த விரும்புகிறேன்.

அன்றைய மருத்துவமனைகளில் மார்ஃபின் எவ்வாறு தரப்பட்டது என்பதை அறிந்தால் அவர் செய்த மாற்றத்தின் அளவு விளங்கும். வலி பொறுக்க முடியாமல் நோயாளி கதறிய பிறகே ஊசி போடப்படும். அதன் விளைவு தீர்ந்ததும் மறுபடி வலி; மறுபடி கெஞ்சல்; மறுபடி காத்திருப்பு. கேட்டவுடன் கொடுத்தால் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்பது மருத்துவர்களின் அச்சம். சாண்டர்ஸ் இதைத் தலைகீழாக்கினார். வலி திரும்புவதற்கு முன்பே, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, உரிய அளவில், வாய்வழியே மருந்து. இம்முறையின் தொடக்க வடிவத்தை அவர் லண்டனின் பழைய இல்லம் ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்றியபோது கண்டிருந்தார். அதைப் பதிவுகளோடு நிறுவி மருத்துவ உலகை ஏற்கச் செய்தது அவருடைய பங்கு. வலி அடங்கியவர்கள் மயங்கிக் கிடக்கவில்லை. பேசினார்கள், கடிதம் எழுதினார்கள், பிள்ளைகளோடு சண்டையும் சமாதானமும் செய்துகொண்டார்கள்.

இங்கு என் பாடத்தின் கண்ணாடியை ஒரு நிமிடம் அணிந்துகொள்கிறேன். நாளை கிடைக்கும் நூறு ரூபாயை இன்று கிடைக்கும் நூறு ரூபாயைவிடக் குறைவாகவே மனிதர் மதிக்கின்றனர். அந்தக் கழிவு வீதம் யாருக்குக் குறைவோ அவரைப் பொறுமைசாலி என்கிறது பொருளியல். ஆல்ஃபிரட் மார்ஷல் மூலதனத்தின் பின்னுள்ள தியாகத்தைக் 'காத்திருத்தல்' என்றே அழைத்தார். கடும் வலியில் இருப்பவருக்கு அந்தக் கழிவு வீதம் என்ன? அவருக்கு நாளை என்பதே கிடையாது. அடுத்த ஊசி வரையிலான கால்மணி நேரம்தான் அவருடைய உலகம். எதிர்காலம் முழுவதும் வலியால் விழுங்கப்பட்ட ஒருவரிடம் எதிர்நோக்கு கொள் என்று சொல்வது, பசியால் மயங்கியவரிடம் சேமிப்பின் சிறப்பைப் போதிப்பதைப் போன்றது. மருந்து அவருக்கு முதலில் திருப்பித் தருவது நாளையை. மறுமையை எதிர்நோக்குவதற்கும் மாலையில் வரவிருக்கும் மகளை எதிர்நோக்குவதற்கும் அந்த நாளை வேண்டும்.

மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட கார்ல் மார்க்ஸின் கூற்று அனைவரும் அறிந்ததே. அவர் எழுதிய 1840-களில் அபின் என்பது போதைப்பொருள் மட்டுமன்று. வீடுகளில் புழங்கிய முதன்மையான வலி நிவாரணியும் அதுவே. ஏழைக்கு மருந்தும் நீதியும் தராமல் மறுமையை மட்டும் காட்டும் மதத்துக்கு அந்த விமர்சனம் இன்றும் பொருந்தும். சாண்டர்ஸிடம் அது திசைமாறிப் போகிறது. ஆழ்ந்த மதப் பற்றுடைய அவர், மதத்தை அபினுக்கு மாற்றாக வழங்காமல், அபினிலிருந்து எடுக்கப்பட்ட மருந்தையே நோயாளியின் கையில் கொடுத்தார்.

தென்கிழக்கு லண்டனில் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் பயணிகளின் காவலரான புனிதரின் பெயரைத் தாங்கியது. நோயாளிப் பராமரிப்பு, ஆய்வு, பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த முதல் நவீன ஹாஸ்பிஸ் அது. உலகெங்கும் பரவிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கத்தின் ஊற்று அதுவே. கிறிஸ்தவர்களுக்கான இல்லமாக மட்டும் அமைக்கலாமா என்ற ஆலோசனை தொடக்கத்தில் நீண்டநாள் நடந்தது. நம்பிக்கையை அடித்தளமாக வைத்து, எந்த நம்பிக்கை உடையவருக்கும், எதுவும் இல்லாதவருக்கும் கதவைத் திறந்து வைப்பது என்று முடிவாயிற்று. முதல் நன்கொடை ஒரு யூதருடையது என்பதை அவர் மறக்கவில்லை. இறப்பவரின் வலி உடல் வலி மட்டுமன்று. மனத்தின் வலி, குடும்பமும் பணமும் சார்ந்த வலி, வாழ்வின் பொருளைப் பற்றிய வலி ஆகிய அனைத்தும் சேர்ந்த 'முழு வலி' என்று அவர் வகுத்த கருத்து இன்று மருத்துவப் பாடநூல்களில் உள்ளது.

இதற்கெல்லாம் கிறிஸ்தவ எதிர்நோக்கு தேவையா, மனிதநேயம் போதாதா என்று கேட்கலாம். மருந்தைக் கொடுப்பதற்குத் தேவையில்லை. மதச்சார்பற்ற மருத்துவர்கள் பலர் இன்று அதைச் சிறப்பாகவே செய்கின்றனர். ஆனால், 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று அன்றைய மருத்துவம் கைவிரித்த இடத்தில் ஒருவர் போய் நின்றதற்குக் காரணம், மரணத்தைத் தோல்வியாக மட்டும் அவர் பார்க்கவில்லை என்பதே. குணப்படுத்துவது ஒன்றே வெற்றி என்று கருதும் மருத்துவருக்கு இறப்பவரின் படுக்கை தம் தோல்வியை நினைவூட்டும் இடம். அதனால்தான் பார்வைச் சுற்றில் அந்தக் கட்டிலை அவர் வேகமாகக் கடந்துபோகிறார்.

கருணைக் கொலையைச் சாண்டர்ஸ் இறுதிவரை எதிர்த்தார். வலி தணிக்கப்பட்டு, அருகில் ஒருவர் இருப்பார் என்பது உறுதியானால், சாவை வேண்டுவோர் பெரும்பாலும் அதை வேண்டமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். 'பெரும்பாலும்' என்பது 'எப்போதும்' ஆகாது என்பதால், இவ்விவாதம் அவரோடு முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. ஆயினும், வலி நிவாரணம் கிடைக்காத ஒரு நாட்டில் அந்த உரிமையைப் பற்றி முதலில் பேசுவது வரிசை மாறிய செயல்.

அந்த நாடுகளுள் நம்முடையதும் ஒன்று. மருத்துவத் தேவைக்காகச் சட்டப்படி அபின் கசகசா பயிரிடும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் உண்டு. மத்திய பிரதேசம், ராஜஸ்தான், உத்தர பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் அதைப் பயிரிடுகின்றனர். நீமச்சிலும் காஜீபூரிலும் அரசு ஆலைகள் உள்ளன. ஆனால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின், மார்ஃபினை வாங்கவும் வைத்திருக்கவும் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. மருத்துவர்களில் ஒரு தலைமுறை அதைக் கையாளக் கற்காமலே ஓய்வு பெற்றது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டும் பழைய தயக்கம் முற்றும் நீங்கவில்லை. உலக அளவில் ஆண்டொன்றுக்கு மார்ஃபினுக்கு இணையான 298.5 டன் வலி நிவாரணிகள் விநியோகமாகின்றன. அதில் வருவாய் குறைந்த நாடுகளுக்குச் சேர்வது 0.1 டன் மட்டுமே என்று லான்செட் ஆணையம் கணக்கிட்டது. இத்தனைக்கும் மார்ஃபின் மாத்திரை விலை மிகுந்த மருந்தன்று. சமத்துவமின்மையைப் பற்றி வகுப்பில் எத்தனையோ அட்டவணைகளைக் காட்டியிருக்கிறேன்; இவ்வளவு கொடுமையான ஓர் அட்டவணையைக் காட்டியதில்லை.

நம்பிக்கையூட்டும் முயற்சிகளும் உண்டு. கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய சக மருத்துவர்களும் 1993-இல் தொடங்கிய அமைப்பு, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கே சிகிச்சையைக் கொண்டுசென்றது. அங்கு எல்லா மதத்தவரும் மதமற்றவர்களும் தோளோடு தோள் நிற்கின்றனர். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடிச் செல்லும் வலி தணிப்புச் சேவை இடம்பெற்றுள்ளது. அச்சேவை எல்லாக் கிராமங்களிலும் மார்ஃபின் மாத்திரையோடு சென்று சேர்கிறதா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. தமிழகத்தில் மருத்துவமனைகளைக் கட்டிய திருச்சபைகளும், பொறுமையைப் பற்றிப் பிரசங்கிக்கும் ஞாயிறுகளில் இதைக் கேட்கலாம்.

சாண்டர்ஸ் 2005 ஜூலையில், தாம் நிறுவிய அதே இல்லத்தில், மார்பகப் புற்றுநோயால் காலமானார். வயது 87.

என் நண்பருக்கு மார்ஃபின் கிடைத்தது, கடைசி மூன்று வாரங்களுக்கு மட்டும். அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் அலைந்து திரிந்து, வேறொரு மாவட்டத்து மருத்துவர் மூலம் அதற்கு ஏற்பாடு செய்தார். இரண்டாம் நாளே முகம் மாறிவிட்டது. நாங்கள் இருவரும் வழக்கம்போல் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி வாதிட்டோம். ஒரு மாலை, சங்கீதத்தில் ஒன்றை வாசிக்கச் சொன்னார். ஆறுதல் தரும் சங்கீதம் எதையாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது 88-ஆவது. முறையீட்டில் தொடங்கும் மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் இறுதியில் நம்பிக்கையை நோக்கித் திரும்பும். இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. வாசித்து முடித்துவிட்டுத் தயங்கி அவரைப் பார்த்தேன். 'இதையும் சேர்த்துத்தான் சார் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்' என்றார். பிறகு தேநீர் வேண்டுமென்றார். இனிப்பைக் கூட்டிப் போடச் சொன்னார். மருத்துவர் தடுத்த பட்டியலில் இனிமேல் அதற்கு இடமில்லை என்று சிரித்தார்.